16 வயதுப் பையனுக்கு எடை குறைப்பு ஆபரேஷன்: கிட்னிக்கு நல்லதா, ஆபத்தா?

தண்டையார்பேட்டை_அம்மா

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை. என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். உயரம் 168 செ.மீ., எடை 126 கிலோ. அடிக்கடி தலைவலி என்று காட்டப் போன இடத்தில் பி.பி. 146/92 இருந்தது. உடனே ரத்தம், யூரின் எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். யூரினில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 92. அது 30-க்குக் கீழே இருக்க வேண்டுமாம், அதாவது அல்புமின் என்ற புரோட்டீன் யூரினில் கசிகிறதாம். ரத்தத்தில் கிரியாட்டினின் 0.8, லேப் தாளில் நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, சர்க்கரை வரும் எல்லையில் நிற்கிறான்.

எடை ஆறாம் வகுப்பிலிருந்தே ஏறிக்கொண்டு வருகிறது. கொள்ளு, பேலியோ, காலை நடை, ஜிம், டயட்டீஷியன் எல்லாம் பார்த்தாயிற்று. ஏழெட்டுக் கிலோ குறையும், அப்புறம் அதற்கு மேல் ஏறும். இப்போது டாக்டர், "பேரியாட்ரிக் ஆபரேஷன் பற்றி யோசியுங்கள், கிட்னியையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்" என்றார். எனக்கு அங்கேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. யூரினில் புரோட்டீன் போகிற பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றை அறுத்தால் கிட்னி இன்னும் கெட்டுப் போகாதா? மாமியார் "வளர்ற புள்ள வயித்துல யாராவது கத்தி வைப்பாங்களா" என்று அழுகிறார். வீட்டுக்காரருக்கு துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அவர் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டுக்காரன்

அக்கா, அவசரப்படாதீங்க. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடை குறைக்க ஆபரேஷனுக்குப் போன ஒரு இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அரசு விசாரணைக் குழு போட்டது, பேப்பரில் எல்லாம் வந்தது. 16 வயதில் இது தேவையா? மீனும் காயும் சாப்பிட வைத்து, காலையில் கடற்கரையில் ஓட விட்டால் தானாகக் குறையும். என் தம்பி மகன் அப்படித்தான் குறைத்தான்.

ராயபுரம்_செவிலி

தண்டையார்பேட்டை அம்மா, நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால் அந்த 92-ஐப் பற்றிப் பேசுவோம். அதுதான் இங்கே முக்கியமான எண்.

முதலில் அது உண்மையான கசிவா என்று உறுதி செய்ய வேண்டும். வளரும் வயதுப் பிள்ளைகளில் சிலருக்குப் பகலில் நின்று நடமாடும்போது மட்டும் யூரினில் புரோட்டீன் போகும், படுத்துத் தூங்கினால் நின்றுவிடும். அது நோய் ஆகாது. காய்ச்சல் இருந்தாலும், முந்தைய நாள் ஜிம்மில் போட்டு அடித்திருந்தாலும் அளவு ஏறும். அதனால் காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் போகும் முதல் யூரினைப் பிடித்துக் கொடுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டிலாவது 30-க்கு மேல் இருந்தால் கசிவு நிஜம்.

நிஜம் என்றால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கும். அவை பிறக்கும்போதே முடிவாகிவிடும், பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. உடம்பு இரண்டு மடங்கு பெரிதானாலும் அதே வடிகட்டிகள்தான் முழு ரத்தத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். நாலு வீட்டுக்குப் போட்ட தண்ணீர் மோட்டாரைப் பத்து வீட்டுக்கு ஓட்டினால் கொஞ்ச நாள் எல்லா வீட்டிலும் நன்றாகத்தான் தண்ணீர் வரும். உள்ளே சூடேறுவது வெளியே தெரியாது. கிட்னியும் அப்படி அதிகமாக வடிகட்டிக்கொண்டே இருக்கும், வடிகட்டி வீங்கும், அதன் சுவரில் இருக்கும் செல்கள் இழுபட்டு உதிரும், அந்த வழியாக அல்புமின் கசியும். வருடக்கணக்கில் விட்டால் தழும்பாகிவிடும். தழும்பான வடிகட்டி திரும்ப வராது. இதெல்லாம் நடக்கும்போது வலி இருக்காது, வீக்கம் இருக்காது, யூரின் போவதில் ஒரு மாற்றமும் தெரியாது.

கிரியாட்டினின் நார்மல் என்று நிம்மதி அடையாதீர்கள். லேப் தாளில் அச்சிடும் கிட்னி வேக எண், அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம், பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளுக்கு செ.மீ. உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அது கிட்டத்தட்ட 87 வருகிறது, 90-க்குக் கொஞ்சம் கீழே. அதே சமயம் பருமனான, தசை அதிகமுள்ள பையனுக்கு இந்தக் கணக்கு குறைத்துக் காட்டவும் கூடும். அதனால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது தசையை அவ்வளவாகப் பொறுத்ததில்லை.

பி.பி.யும் ஒரு முறை சரியாகப் பார்க்கப்பட வேண்டும். கை பருமனாக இருக்கும் பிள்ளைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் பி.பி. ஏற்றிக் காட்டும். பெரிய பட்டை கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் 130/80-க்கு மேலே நின்றால் இந்த வயதுக்கு அது அதிகம்தான்.

இதை இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் உண்டு. எங்கள் பிரிவில் முப்பது வயதைத் தாண்டாதவர்களும் வந்து படுக்கிறார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா இடத்தில் ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "எப்ப இருந்து பி.பி. இருந்துச்சு" என்று கேட்டால் தெரியாது என்பார்கள், பள்ளிக்கூடக் காலத்தில் யாரும் பார்க்கவே இல்லை. உங்கள் மகனுக்குப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் கசிவு ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போது.

கொருக்குப்பேட்டை_மெடிக்கல்

செவிலி அக்கா சொன்னதோடு ஒன்று. தலைவலிக்கு அவனுக்கு என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள்? கடைக்கு வந்து டைக்ளோ, ஐபுபுரூஃபன் கேட்டு வாங்கிப் போகிறார்கள். யூரினில் புரோட்டீன் போகிறவர்களுக்கு அது ஆகாது. பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. அப்புறம் எடை குறைக்கும் பொடி, பெயர் போடாத சூரணம், ஜிம்மில் கொடுக்கும் புரோட்டீன் டப்பா எதுவாக இருந்தாலும் இன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

தண்டையார்பேட்டை_அம்மா

தலைவலி மாத்திரை வீட்டில் வேறு ஒருவருக்கு வாங்கியது, அதைத்தான் அவனும் போட்டுக்கொண்டிருந்தான். எடுத்து வைத்துவிட்டேன். இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் கசிவு நிற்குமா? செய்து பார்த்த பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?

பெரம்பூர்_ஆசிரியன்

இருக்கிறார்கள். நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக் கொடுப்பவன், அறுவை மருத்துவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வு ஒன்று இருக்கிறது. டீன்-லேப்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் ஐந்து மையங்களில், 2007 முதல் 2012 வரை பேரியாட்ரிக் அறுவை செய்துகொண்ட 242 பதின்வயதினரைச் சேர்த்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 17. பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, சராசரியாக ஐம்பதுக்கு மேல். உங்கள் மகனுக்கு 44.6 வருகிறது.

கிட்னி பற்றிய மூன்று வருட முடிவு 2017-இல் வெளிவந்தது. அறுவைக்கு முன் அல்புமின் கசிவு இருந்த பிள்ளைகளின் சராசரி விகிதம் 74. மூன்று வருடத்தில் அது 17-க்கு இறங்கியது. கிட்னி வேகம் 90-க்குக் கீழே இருந்தவர்களுக்குச் சராசரி 76-இலிருந்து 102-க்கு ஏறியது. ஆரம்பத்திலேயே கிட்னி நன்றாக இருந்தவர்களுக்கு அப்படியே நிலைத்தது, கெடவில்லை. மயக்க மருந்தும் கத்தியும் கிட்னியைக் கெடுத்துவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு இதுதான் பதில். இன்னொன்றும் அதில் கவனிக்க வேண்டும். அறுவைக்குப் பிறகும் பி.எம்.ஐ. 40-க்கு மேலேயே நின்றவர்களிடம் எடை கூடக் கூட கிட்னி வேகம் குறைந்தது. 40-க்குக் கீழே வந்தவர்களிடம் அந்தத் தொடர்பே தெரியவில்லை. ஒல்லியாகத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, அந்த எல்லைக்குக் கீழே இறங்கினாலே கிட்னிக்குப் பெரிய சுமை குறைகிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

சர்க்கரை வந்துவிட்ட பிள்ளைகளிடம் வித்தியாசம் இன்னும் பெரிது. டைப் 2 சர்க்கரையும் கடும் பருமனும் உள்ள பதின்வயதினரில், அறுவை செய்துகொண்டவர்களையும் மருந்தில் மட்டும் இருந்தவர்களையும் ஐந்து வருடம் ஒப்பிட்டு 2020-இல் எழுதினார்கள். மருந்துக் குழுவில் அல்புமின் கசிவு உள்ளவர்கள் 21 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள். அறுவைக் குழுவில் 27 சதவீதத்திலிருந்து 5 ஆனார்கள். இரண்டும் தனித்தனி ஆய்வுகளிலிருந்து எடுத்த சிறிய குழுக்கள், சீட்டுக் குலுக்கிப் பிரித்தவை கிடையாது. அதை மறக்காமல்தான் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். இருந்தாலும் 43-க்கும் 5-க்கும் உள்ள தூரம் என்னை யோசிக்க வைக்கிறது. பதின்வயதில் வரும் டைப் 2 சர்க்கரை பெரியவர்களுக்கு வருவதைவிட வேகமாகக் கிட்னியைத் தாக்கும். உங்கள் மகன் 6.1-இல் நிற்கிறான் என்பதால் சொல்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே டீன்-லேப்ஸில் மூன்று வருடத்தில் 57 சதவீதம் பேருக்கு இரும்புச் சத்துச் சேமிப்பு குறைந்திருந்தது. 13 சதவீதம் பேருக்கு வயிற்றில் மறுபடியும் ஏதோ ஒரு அறுவை தேவைப்பட்டது. 2024-இல் வந்த பத்து வருட முடிவில் பி.எம்.ஐ. சராசரியாக 20 சதவீதம் குறைந்தே நிற்கிறது, முதல் வருடங்களில் இறங்கியதில் ஒரு பகுதி திரும்ப ஏறியிருக்கிறது. மாயம் எதுவும் நடக்காது. ஆனால் பத்து வருடம் தாங்கும் எடைக் குறைவு வேறு எதிலும் இந்த அளவுக்குக் கிடைத்ததாக நான் பார்க்கவில்லை.

காசிமேட்டுக்காரன்

சார், எண் எல்லாம் சரி. ஆனால் அது அமெரிக்கப் பிள்ளைகள். அவர்கள் உடம்பு வேறு, சாப்பாடு வேறு, அங்கே இருக்கும் கவனிப்பு வேறு. நம் பிள்ளைகளுக்கு அது அப்படியே பொருந்தும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அக்காவுக்கு ஒரே பையன் என்று நினைக்கிறேன்.

பெரம்பூர்_ஆசிரியன்

நியாயமான கேள்வி தம்பி. அந்த ஆய்வில் நான்கில் மூன்று பேர் பெண் பிள்ளைகள், 72 சதவீதம் வெள்ளையர்கள். அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் நம் பக்கத்துக் காரணங்கள் இன்னும் கவலை தருகின்றன. நமக்கு அவர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறது. அதனால்தான் இந்தியப் பெரியவர்களுக்குப் பருமன் எல்லையை பி.எம்.ஐ. 30-க்குப் பதிலாக 25 என்று வைத்திருக்கிறார்கள். அப்புறம், எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குக் கிட்னியில் வடிகட்டிகள் எண்ணிக்கையே குறைவாக இருக்கும். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்து, பத்து வயதுக்குள் பருமனாகும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. குறைந்த வடிகட்டிகள், பெரிய உடம்பு. அம்மா, உங்கள் மகன் பிறந்தபோது என்ன எடை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

2024 மரணம் பற்றிச் சொன்னீர்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். எங்கே, யார், எந்த வசதியோடு செய்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில், இவ்வளவு எடையுள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமில்லாத இடத்தில் செய்யவே கூடாது.

தண்டையார்பேட்டை_அம்மா

2 கிலோ 300 கிராம். எட்டாம் மாதம் முடிவதற்குள் பிறந்தான். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை சார்.

எண்ணூர்_பொண்ணு

ஆன்ட்டி, நான் வயிற்றுப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவள். 18 வயதில் செய்தார்கள், இப்போது வேலைக்குப் போகிறேன். எனக்கும் யூரினில் புரோட்டீன் இருந்தது, 110 கிலோவுக்கு மேல் இருந்தேன். ஆபரேஷன் நாள் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு இல்லை. லேப்ராஸ்கோப்பியில் சின்னச் சின்னத் துளை போட்டு, வயிற்றுப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மறுநாளே நடக்க வைத்தார்கள். கஷ்டம் அப்புறம்தான் ஆரம்பித்தது, அதில் பாதி தண்ணீர் விஷயம்.

முன்பு போல் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்கென்று குடிக்கவே முடியாது. இரண்டு மடக்கு குடித்தால் நெஞ்சில் வந்து நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் குறையாமல் உள்ளே போக வேண்டும் என்றார்கள், அதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்று நாள் முழுக்க உறிஞ்ச வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி நேரம் விட வேண்டும். எங்கள் கல்லூரியில் பெண்கள் கழிப்பறை இருந்த லட்சணத்தில் யாருமே பகலில் தண்ணீர் குடிக்க மாட்டோம். காலை பஸ் ஏறினால் மாலை வீட்டுக்கு வந்துதான் போவது. நானும் அப்படியே இருந்தேன். மே மாதம், வீட்டில் ஏ.சி. கிடையாது, இரண்டு நாள் வாந்தி. தலை சுற்றி விழுந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிரியாட்டினின் இரண்டு மடங்காக ஏறியிருந்தது. டிரிப் ஏற்றியதும் இறங்கிவிட்டது. "உன் கிட்னியைக் காப்பாத்தத்தான் ஆபரேஷன் பண்ணோம், தண்ணி குடிக்காம நீயே கெடுத்துக்காத" என்று டாக்டர் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அரை லிட்டர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், மணிக்கு ஒரு கோடு.

முடி மூன்றாவது மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கொட்டியது. யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, நான் அழுதேன். ஒரு வருடத்தில் வந்துவிட்டது. மாத்திரைகளை இன்று வரை விடவில்லை: பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. பணம் ஆகிறது ஆன்ட்டி, மாதா மாதம் ஆகிறது, ஆயுள் முழுக்க ஆகும். அதையும் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டு முடிவெடுங்கள். புரோட்டீனுக்கு டப்பா வாங்க வேண்டியதில்லை. முதலில் மசித்த பருப்பு, முட்டை. அப்புறம் அம்மா காசிமேட்டில் கானாங்கெளுத்தி வாங்கி வந்து முள் எடுத்துக் குழம்பில் மசித்துக் கொடுப்பார்கள். மீன் நம் பக்கத்தில் இருப்பது பெரிய உதவி.

என் யூரின் விகிதம் ஒரு வருடத்தில் 30-க்குக் கீழே வந்தது, இப்போதும் கீழேயே இருக்கிறது. வருடா வருடம் பார்க்கிறேன். எனக்குத் திருமணப் பேச்சு வந்தபோது, ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் பேச்சைத் தள்ளிப் போட்டோம். பையன் என்பதால் உங்களுக்கு இது தேவையில்லை. படிக்கும் பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்காக எழுதினேன்.

ராயபுரம்_செவிலி

பாட்டில் கோடு நல்ல வழி. வாந்தி, பேதி வரும் நாட்களில் பி.பி. மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிட்னிக்காகக் கொடுக்கும் சில மாத்திரைகள், உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் கிட்னிக்கே சுமையாகிவிடும்.

இன்னொரு விஷயம், கிட்னிக் கல். பைபாஸ் என்ற இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷன் முறையில் குடலைச் சுற்றி இணைப்பார்கள். அதில் கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாததால், சாப்பாட்டில் இருக்கும் ஆக்சலேட் அதிகமாக ரத்தத்தில் ஏறி, யூரினில் கல்லாகப் படியலாம். ஸ்லீவில் அந்த ஆபத்து குறைவு. பைபாஸ் செய்தவர்கள் பச்சைக் கீரையை மிக்சியில் அடித்துக் குடிக்கும் பழக்கத்துக்குப் போகவே கூடாது. கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கிட்னி கசிவு ஏற்கெனவே இருப்பதால் உங்கள் மகனுக்கு எந்த முறை என்று கேட்கும்போது இதையும் கேளுங்கள்.

வியாசை_கோச்

வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். "ஓட விடுங்கள்" என்ற தம்பிக்கு ஒரு வார்த்தை. 120 கிலோ பையனை நேராக ஓட விட்டால் முதலில் போவது முட்டியும் இடுப்பும்தான். என்னிடம் வந்த ஒரு பையன் நொண்டினான், முட்டி வலி என்றான். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுப் பந்து வழுக்கியிருந்தது. பருமனான பிள்ளைகளுக்கு வளரும் வயதில் அது வரும், முட்டியில்தான் வலிக்கும். நடை, சைக்கிள், நீச்சல் இதில் ஆரம்பிக்கலாம். பெரியமேடு மை லேடி பூங்காவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. பையன் சட்டையைக் கழற்ற வெட்கப்படுவான், டி-ஷர்ட் போட்டு இறங்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள். அந்த ஒரு விஷயத்துக்காகவே எத்தனையோ பிள்ளைகள் விளையாட்டுப் பக்கமே வருவதில்லை.

ஆபரேஷன் செய்தாலும் உடற்பயிற்சி வேண்டும். எடையோடு தசையும் போகும், அதைப் பிடித்து வைக்க வேறு வழி கிடையாது.

மணலி_அப்பா

இப்போது வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறதே, அதைப் போட்டால் ஆபரேஷன் இல்லாமலே குறையாதா? எங்கள் ஆபீசில் இரண்டு பேர் போடுகிறார்கள்.

பெரம்பூர்_ஆசிரியன்

செமாக்ளூடைடைச் சொல்கிறீர்கள். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதித்தார்கள். பதின்வயதினரிடம் நடந்த சோதனையில் 68 வாரத்தில் பி.எம்.ஐ. 16 சதவீதம் குறைந்தது. பெரியவர்களில், சர்க்கரையும் கிட்னி நோயும் உள்ளவர்களுக்குக் கிட்னி மோசமாவதைக் குறைத்தது என்று 2024-இல் முடிவு வந்தது. இங்கே எடைக்கான செமாக்ளூடைட் ஊசி 2025 ஜூனில் கடைக்கு வந்தது. நல்ல மருந்துதான். நிறுத்தினால் எடை திரும்பும், மாதா மாதம் செலவு உண்டு, வாந்தி வந்தால் அதே தண்ணீர்ப் பிரச்சினை. 16 வயதுப் பையனுக்கு ஆபீஸ் நண்பர்களைப் பார்த்துப் போட்டுவிடக் கூடாது. ஹார்மோன் மருத்துவர் பார்த்து, தைராய்டு, மரபணுக் கோளாறு மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று விலக்கிய பிறகு பேச வேண்டிய விஷயம். சிலருக்கு ஊசியும் அறுவையும் இரண்டுமே தேவைப்படுகின்றன.

தண்டையார்பேட்டை_அம்மா

இதை என் மகன் தட்டச்சு செய்கிறான். அவனே கேட்க வேண்டும் என்றான்.

நான் எல்லாப் பதிலையும் படித்தேன். எண்ணூர் அக்காவிடம் இரண்டு கேள்வி. ஆபரேஷன் செய்தது கிளாசில் யாருக்கும் தெரியாமல் இருக்க முடியுமா? நண்பர்களோடு பிரியாணி சாப்பிடப் போனால் என்ன செய்வீர்கள்? கோச் சாரிடம் ஒன்று. எனக்கு கோல்கீப்பராக ஆசை, இப்போது என்னை எடுக்க மாட்டார்கள். பிறகு முடியுமா?

எண்ணூர்_பொண்ணு

தம்பி, யாரிடம் சொல்வது என்பது உன் இஷ்டம். நான் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன், மற்றவர்களிடம் வயிற்றில் ஒரு ஆபரேஷன் என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பிரியாணிக்குப் போவேன். இரண்டு துண்டு கறி, நாலு வாய் சோறு, மெதுவாக மென்று. மீதியைக் கட்டிக்கொண்டு வருவேன். வேகமாகச் சாப்பிட்டால் அங்கேயே வாந்தி வரும், அதனால் பேச்சைக் கொஞ்சம் அதிகமாக்கிக்கொள்வேன். குளிர்பானம் மட்டும் தொடவே மாட்டேன். வேண்டாம் என்று நீ சொல்லும் உரிமையும் உனக்கு உண்டு தம்பி. உன் சம்மதம் இல்லாமல் யாரும் உன்னை மேசையில் படுக்க வைக்கக் கூடாது. டாக்டரிடம் அம்மா இல்லாமல் தனியாகப் பத்து நிமிடம் பேசணும் என்று கேள்.

வியாசை_கோச்

வா தம்பி, இப்போதே வா. கீப்பருக்கு முதலில் கை, கண். உட்கார்ந்தபடியே பந்து பிடிக்கும் பயிற்சியை இந்த ஞாயிறே ஆரம்பிக்கலாம். ஆபரேஷன் ஆனால் டாக்டர் சொல்லும் வரை தாவுவதும் விழுவதும் கூடாது. அதற்கு அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

காசிமேட்டுக்காரன்

தம்பி எழுதியதைப் படித்தேன். அக்கா, நான் இன்னும் பயப்படுகிறேன், மறைக்க மாட்டேன். ஆனால் செய்வது என்று முடிவானால் ரத்தம் தேவைப்பட்டால் சொல்லுங்கள், எங்கள் குப்பத்துப் பையன்கள் வருவார்கள்.

தண்டையார்பேட்டை_அம்மா

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். பலர் தனிச்செய்தியில் கேட்டீர்கள்.

முதல் காலை யூரின் மறுபடியும் பார்த்தோம். ஒரு முறை 81, ஒரு முறை 77. கசிவு நிஜம்தான். சிஸ்டாட்டின் சி கணக்கில் கிட்னி வேகம் 84. பெரிய பட்டை போட்டும் பி.பி. 138/86. எனாலாப்ரில் என்ற பி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள், உப்பைக் குறைத்தோம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் வீட்டில் எல்லோருக்குமே நிறுத்தம், மாமியார் உட்பட. தூக்கப் பரிசோதனையில் மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தது. அதற்கு இரவில் மாட்டும் மெஷின் கொடுத்திருக்கிறார்கள். மெஷின் போட்ட பிறகு காலைத் தலைவலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் சில வாரம் அது பழகியே ஆக வேண்டும் என்றார் மயக்க மருந்து டாக்டர்.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டரைப் பார்த்தோம் (ஸ்டான்லியை என் மாமியார் இன்றும் அப்படித்தான் சொல்வார்). அவர் தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது பிறந்த எடை. வீட்டுக்காரர் அன்று லீவு போட்டு வந்திருந்தார். 2 கிலோ 300 என்று அவர்தான் சொன்னார், அன்றைய தேதி, கிழமையோடு. சர்ஜனிடமும் அவரே கேட்டார், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஐ.சி.யூ. எந்த மாடியில், இரவில் ஏதாவது ஆனால் யார் வருவார்கள், ஐந்து வருடம் கழித்து யார் பார்ப்பார்கள் என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பதில் சொல்லத் தயங்கிய வேறொரு இடத்தை விட்டுவிட்டோம், அங்கே தவணைத் திட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஸ்லீவ் என்று முடிவாகியிருக்கிறது. மகன் தனியாகப் பேசினான், கையெழுத்துப் போடும் தாளில் தன் பெயரையும் எழுத வேண்டும் என்றான். ஏப்ரல், மே என்று முதலில் சொன்னார்கள். எண்ணூர் பொண்ணு சொன்னதை நினைத்து நான்தான் வெயிலைப் பற்றிக் கேட்டேன். சர்ஜனும் சரி என்றார், அரையாண்டு விடுமுறையில் வைத்திருக்கிறோம். பள்ளியில் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லி, தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துக்கொள்ளவும், கேட்டபோது கழிப்பறைக்கு விடவும் சம்மதம் வாங்கிவிட்டேன்.

புளியந்தோப்பு_தாய்

இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன். என் மகளுக்கு 14 வயது, 98 கிலோ. கழுத்தைச் சுற்றிக் கருப்பாக இருக்கிறது, பாட்டி பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறாள். இதுவரை ஒரு பரிசோதனையும் எடுத்ததில்லை. லேபில் போய் என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்?

ராயபுரம்_செவிலி

தேய்க்க வேண்டாம் மா, அது அழுக்கு கிடையாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு உடம்பு காட்டும் அடையாளம். லேபில் "யூரின் அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ" என்று கேளுங்கள். வெறும் யூரின் ரொட்டீன் போதாது, சின்னக் கசிவை அது காட்டாது. காலை எழுந்ததும் முதல் யூரின், மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். அதோடு எச்பிஏ1சி, கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை. பி.பி. பெரிய பட்டையில். இவ்வளவையும் எடுத்துக்கொண்டு, உயரம் எடையோடு குழந்தை மருத்துவரிடம் போங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.